காய்ச்சலில் செத்த ராசா

நானூறு வருடங்களுக்கு முன்னர் லண்டனில் ஒரு நாடகம் போடுவது எவ்வளவு சிரமமான காரியம் என்று எங்கள் விரிவுரையாளர் சொல்லச் சொல்ல, நாங்கள் பதினொரு பேரும் மிகுந்த அனுதாபத்தோடு கொப்பியில் எழுதிக்கொண்டோம்.

பிரதியை முதலில் அரசசபை உத்தியோகத்தர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டுமாம். அவர் தனக்குப் பிடிக்காத வரிகளை வெட்டிவிட்டுக் கையெழுத்து வைப்பாராம். அரசரைப் பற்றி ஏடாகூடமாக எழுதினால் எழுதினவரைப் பிடித்து உள்ளே போடுவார்களாம். நாலு பேர் ஒன்றாகக் கூடினாலே நகரத்துப் பெரியவர்களுக்குப் பயம் என்றபடியால் நாடகக் கொட்டகைகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டினார்களாம். வெளிச்சம் இருக்கும்போதே ஆடி முடித்து எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டுமாம். கொள்ளைநோய் வந்தால் மாதக்கணக்கில் எல்லாம் பூட்டு.

"இப்படியான ஒரு சமூகத்தைக் கற்பனை செய்து பார்ப்பது உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்" என்றார் விரிவுரையாளர். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு ஹெலிகொப்டர் போனது. அது போய் முடியும்வரை சோக்கட்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்துவிட்டு, "முயற்சி செய்யுங்கள்" என்று முடித்தார்.

நாங்கள் முயற்சி செய்தோம். மட்டக்களப்பு நகரத்தில், ஒரு பக்க ஜன்னல்களுக்கு மணல் மூட்டை அடுக்கிய அறையில் இருந்துகொண்டு, ஊரடங்குக்கு முன்பு போர்டிங்குக்குப் போய்ச் சேரவேண்டுமே என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி, அந்தப் பாவப்பட்ட லண்டன்காரர்களைக் கற்பனை செய்துபார்த்தோம். கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆங்கில ஆசிரியர் பயிற்சி எங்களுக்கு. வகுப்பில் ஏழு பெண்கள், நாலு ஆண்கள். நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்து வந்தவன். எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா கைநாட்டு. அதனால் எனக்கு ஒரு வியாதி இருந்தது: அச்சில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்புவேன். அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் போட்டிருந்தால் உலகம் முழுக்க அதுதான் பொருள் என்று எண்ணியிருந்தேன். இந்த வியாதிக்கு வைத்தியம் பார்க்க எனக்கு ஒரு கப்டன் தேவைப்பட்டார்.

இறுதித் தவணைக்கு இரண்டு வேலை. ஒரு பழைய ஆங்கில நாடகத்தின் வரலாற்றுப் பின்னணியைக் கட்டுரையாக எழுதவேண்டும். அதோடு அந்த நாடகத்தைச் சுருக்கித் தமிழில் மேடையேற்றவும் வேண்டும். எங்களுக்குக் கிடைத்த நாடகத்தின் பெயர் முக்கியமில்லை. ஆளாளுக்குக் கொலை செய்யும் அந்தக் காலத்து நாடகங்களில் ஒன்று. விருந்து நடக்கும்போது தளபதி ராசாவைக் குத்திக் கொன்றுவிட்டு முடியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்வான். அரசி அவனைக் கட்டச் சம்மதிப்பதுபோல் நடிப்பாள். ராசாவின் விசுவாசி ஒருவன் ஊமைபோல் வேஷம் போட்டுப் பழிவாங்கத் திரிவான். அவன்தான் நான். கடைசி அங்கத்தில் எல்லாரும் சாவார்கள். பிணங்களைத் தூக்கிப்போவதற்கு மேடையில் உயிரோடு ஒருவரும் மிஞ்சமாட்டார்களே என்று நான் கேட்டதற்கு, "அது அந்தக் காலத்து மரபு" என்றார் விரிவுரையாளர். அவரிடம் எதைக் கேட்டாலும் அது மரபாகத்தான் இருந்தது.

பெண் பாத்திரங்களைப் பொடியன்கள்தான் ஆடவேண்டும் என்றும் அவர் சொன்னார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண்கள் மேடையேறுவதில்லை. வகுப்பில் ஏழு பெண்கள் சும்மா இருக்க, அரசி வேஷம் என் கூட்டாளிக்குப் போனது. அவன் வாவியில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. தோள்கள் இரண்டும் கதவு நிலைபோல் இருக்கும். அரசியாவதற்காகக் கண்ணீரோடு மீசையை வழித்தான்.

"அரசிய ஆர் கட்டுவான் இந்த உடம்போட?" என்று கேட்டா காத்தான்குடி என்ற முஸ்லிம் ஊரில் இருந்து வருகிற எங்கள் வகுப்புத் தோழி. வகுப்பில் நன்றாக வாசிக்கக்கூடியவ அவதான். அரசியின் ஒப்பாரியை அவ வாசித்த அன்று விரிவுரையாளர்கூட மரபை மறந்து சோக்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு நினைவு வந்து, மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலையை அவவுக்குக் கொடுத்தார்.

"ஓம் சேர், நான் ஒளிச்சி நிக்கிறன்" என்றா அவ. "அதுவும் மரபுதானே."

இருபது பேருக்கு மேல் கூடுவதென்றால் இராணுவக் காம்பின் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு நானே முன்வந்தேன். ஒரு பக்கத்தில் முடிக்கவேண்டிய கடிதத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். படித்தவன் எழுதினால் பின்னணி இல்லாமல் எழுதலாமா? வரலாற்றுப் பின்னணியையும் சேர்த்தேன். அந்தக் கடிதத்தின் சாரம் இதுதான்:

பெண் பாத்திரங்கள் எல்லாவற்றையும் 'போய்ஸ்' ஏற்பார்கள். போய்ஸ் பெண்களின் உடையில் வருவார்கள். பார்ப்பவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அவர்கள் பயிற்றப்பட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் போய்ஸ் மட்டுமே கொண்ட தனிக் கொம்பனிகளும் இருந்தன. சில வேளைகளில் பொடியன்களைப் பெற்றோரின் சம்மதமில்லாமலே பிடித்துக்கொண்டுபோய் அந்தக் கொம்பனிகளில் சேர்ப்பதும் உண்டு. அரசனைக் கொல்வதோடு நிகழ்ச்சி ஆரம்பமாகும்.

வரலாற்று ரீதியாக ஒரு பிழையும் இல்லை. அகராதியிலும் பிழையில்லை. ஆனால் அந்த வருடங்களில் இந்த நாடு முழுவதும், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், பத்திரிகையிலும் பஸ்ஸிலும், 'போய்ஸ்' என்றால் ஒரே ஒரு கூட்டத்தைத்தான், படுவான்கரையைக் கையில் வைத்திருந்த ஆயுத இயக்கத்தைத்தான், குறிக்கும் என்பது நாலு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். எழுதும்போது மட்டும் தெரியவில்லை. பேனை பிடித்தால் நான் லண்டனுக்குப் போய்விடுவேன்.

இரண்டு நாள் கழித்துக் காம்புக்குக் கூப்பிட்டார்கள். கப்டன் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தார். என் கடிதம் மேசையில் விரித்தபடி கிடந்தது. அதில் சிவப்பு மையில் நிறையக் கோடுகள்.

"இது நீங்க எழுதினது?"

"ஓம் சேர்."

"இங்கிலீஸ் நல்லம்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இவ்வளவு சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"எத்தின போய்ஸ்?"

"நாலு பேர் சேர்."

"இப்ப எங்க இருக்கு?"

"மூணு பேர் போர்டிங்ல சேர்." கொஞ்சம் பெருமையோடு சேர்த்துச் சொன்னேன்: "நாலாவது ஆள் நான்தான்."

கப்டன் பேனையைக் கீழே வைத்தார். கதவடியில் நின்ற இரண்டு பேர் ஒரு அடி கிட்ட வந்தார்கள்.

"நீயும்?"

"ஓம் சேர்."

"ட்ரெயினிங் எங்க எடுத்த?"

"கல்லூரி மண்டபத்தில சேர். ஒவ்வொரு நாளும் பின்னேரம்."

"பெண்ட உடுப்பில வாறது ஆரு?"

"என்ட கூட்டாளி சேர். மீசையும் வழிச்சிட்டான்."

அடுத்த மூன்று மணித்தியாலத்தையும் நான் சுவரைப் பார்த்தபடி கழித்தேன். இடையில் விரிவுரையாளரைக் கூட்டிவந்தார்கள். அவர் விஷயத்தை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவர் விரிவுரையாளர். அந்தக் காலத்துப் பையன் நடிகர்களின் குரல் எந்த வயதில் உடையும் என்பதில் தொடங்கி, கொட்டகைகளின் கூரை அமைப்புவரை போனார். கப்டன் பொறுமையாகக் கேட்டார் என்றுதான் சொல்லவேண்டும். கடைசியில் அவர் சிரித்தார். சிரித்துவிட்டு நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கினார். என் அடையாள அட்டையையும் கேட்டு வாங்கினார்.

"நாடகம் முடிஞ்ச பிறகு கார்ட் எடுங்க" என்றார். "நாடகம் பிழையெண்டா, கார்ட் இங்க. நீங்களும் இங்க."

அட்டைக்குப் பதிலாக ஒரு துண்டு தந்தார். சிகரெட் பெட்டியின் மட்டையைக் கிழித்து, அதில் சிங்களத்தில் ஒரு சொல்லும் கீழே ஒரு கையெழுத்தும். வெளியில் வந்து தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டேன். அந்தச் சொல் 'நாட்டிய'. சிங்களத்தில் நாடகம்.

அந்த வருடங்களில் அடையாள அட்டை இல்லாத ஒருவன் என்ன என்று இப்போதைய ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். சோறில்லாமல் இருக்கலாம், அட்டையில்லாமல் இருக்க ஏலாது. என் போர்டிங்கில் இருந்து வகுப்புக்கு ஒரு மைல். அந்த ஒரு மைலில் மூன்று சென்றி, இராணுவக் காவலரண்கள். மூன்றிலும் நான் அந்தச் சிகரெட் மட்டையை நீட்டினேன்.

"ஆ, நாட்டிய!" என்பான் சென்றிக்காரன். "எங்க, கொஞ்சம் ஆடு பார்ப்பம்."

நான் ஆடினேன். மணல் மூட்டைக்கு முன்னால், சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஊமை வேஷம் போட்ட விசுவாசி எப்படி நடப்பான் என்று நடந்துகாட்டினேன். ஒரு நாளைக்குப் போக மூன்று காட்சி, வர மூன்று காட்சி. லண்டன்காரர்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஆடினார்கள்.

ஒரு கிழமையில் பிரதி திரும்பி வந்தது. அரசசபை உத்தியோகத்தர்கூட இவ்வளவு கவனமாக வாசித்திருக்கமாட்டார். முதலாவது திருத்தம், ராசாவைக் கொல்பவன் தளபதியாக இருக்க ஏலாது, மந்திரியாக மாற்றவும். இரண்டாவது, ராசாவைக் கொல்லவே கூடாது. செத்தால் நோய் வந்து சாகட்டும். மூன்றாவது, வாள், கத்தி, இடிமுழக்கம் ஒன்றும் ஆகாது, மரவாளும் ஆகாது. கடைசியாக, பெண் வேஷத்தைப் பெண்களே போடவேண்டும். போய்ஸ் என்ற பேச்சே கூடாது.

"ராசா காய்ச்சல்ல செத்தா நான் ஆரைப் பழிவாங்கிற?" என்று கேட்டேன்.

"ராசாவக் கடிச்ச நுளம்ப" என்றான் என் கூட்டாளி. அரசி வேஷம் பறிபோன கோபத்தில் இருந்தான். "மீச முளைக்க ஒரு மாசம் எடுக்கும்டா. ஐசி கார்ட் படத்தில மீச இரிக்கி, மூஞ்சில இல்ல. சென்றில நிப்பாட்டி நிப்பாட்டிக் கேக்கிறானுகள்."

விரிவுரையாளர் ஒருவர்தான் ஆனந்தமாக இருந்தார். "தணிக்கை! அசல் தணிக்கை!" என்று பிரதியைத் தடவித் தடவிப் பார்த்தார். "இதை அப்படியே உங்கள் கட்டுரையில் சேர்க்கலாம்."

இங்கிலாந்தில் பெண்கள் மேடையேறுவதற்கு ஒரு ராசாவின் தலை போய், இன்னொரு ராசா வெளிநாட்டில் இருந்து திரும்பிவரவேண்டி இருந்ததாம். எங்களுக்கு ஒரு சிவப்புப் பேனை போதுமாக இருந்தது. அரசி வேஷம் காத்தான்குடித் தோழிக்கு வந்தது.

"வாப்பா உடுவாரா?" என்று கேட்டேன்.

"சும்மா கேட்டா உடமாட்டார்" என்றா அவ. "கப்டன்ட ஓடர் எண்டு சொன்னன். ஓடர் எண்டா வாப்பா என்ன செய்யிற? முந்தானைய ஒழுங்காப் போட்டு ஆடு எண்டு சொல்லிட்டார்." சொல்லும்போது அவவின் முகத்தில் இருந்த துக்கத்தைப் போல் ஒரு போலித் துக்கத்தை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

அட்டை இல்லாததால் நான் வீட்டுக்குப் போகவில்லை. வாவியைக் கடக்க, எங்கள் பக்கத்தில் 'பாதை' என்று சொல்கிற தட்டையான பெரிய படகில் ஏறவேண்டும். பாதையடிச் சென்றியில் சிகரெட் மட்டை செல்லாது. ஆகவே அப்பாதான் என்னைப் பார்க்க வந்தார், ஒரு பையில் அரிசியும் கருவாடும் கொண்டு.

"மனே, அங்கால உள்ள ஆக்களும் விசாரிக்கிறானுகள்" என்றார் குரலைத் தாழ்த்தி. "உண்ட மகன் நாடகம் போடுறானாம், அதில வாற ராசா ஆரு எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெள்ளக்காரன் எண்டு சொன்னன். அப்ப கொல்லட்டும் எண்டானுகள்."

ஆக, ஒரு கரையில் ராசாவைக் கொல்ல அனுமதி இல்லை, மறுகரையில் கொல்ல ஆட்சேபனை இல்லை. லண்டனில் நாடகக்காரனுக்கு ஒரு உத்தியோகத்தர்தான். எனக்கு இரண்டு கரையிலும் இருந்தார்கள். என் கட்டுரையில் இதைச் சேர்க்க அச்சிட்ட ஆதாரம் கிடைக்கவில்லை.

நாடகத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது சுற்றிவளைப்பு. விடியற்காலையில் எங்கள் தெருவிலிருந்த ஆண்கள் எல்லாரையும் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். அட்டை உள்ளவர்கள் ஒவ்வொருவராக ஒரு ஜீப்பைக் கடந்து போகவேண்டும். ஜீப்புக்குள் தலையாட்டி, ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறவன், இருந்தான். சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. நாடகம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவனுக்கு வசனமே இல்லை, தலையை ஆட்டுவதைத் தவிர வேறு நடிப்பும் இல்லை. ஆனாலும் அந்த மைதானத்தில் ஒருவரும் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அட்டை இல்லாதவர்களை வேறாக ஒரு வரிசையில் இருத்தினார்கள். என்னைத் தவிர ஆறு பேர். அட்டை இருந்தும் முகம் ஒத்துவரவில்லை என்று கூட்டாளியையும் கொண்டுவந்து என் பக்கத்தில் இருத்தினார்கள்.

"அரசியும் போச்சு" என்றான் அவன், உதடு அசையாமல். "இப்ப ஆளும் போகப்போகுது."

"கதையாத."

"நீ ஒரு கடிதம் எழுதினாய்டா மச்சான். ஒரே ஒரு கடிதம்."

வெயில் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கியது. தண்ணீர் இல்லை. இனி எழுந்து போகச் சொல்லமாட்டார்கள் என்று எனக்குப் பட்ட நேரத்தில், எங்கள் தெருச் சென்றியில் நிற்கிறவன் ஒருவன் அந்தப் பக்கமாக வந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. "நாட்டிய!" என்று கத்தினான். தன் பெரியவனிடம் ஏதோ சொல்லி, என்னைப்போல் ஊமை நடையும் நடந்துகாட்டினான். அவர்கள் சிரித்தார்கள். என்னையும் கூட்டாளியையும் எழுந்து போகச் சொன்னார்கள்.

வரிசையில் மிச்சமிருந்த ஆறு பேரில் நாலு பேரை ட்ரக்கில் ஏற்றினார்கள். அவர்களிடம் நாடகம் எதுவும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒத்திகையில் ஒரு பிழை விடவில்லை. ஒருவரையும் விட விடவுமில்லை. பிரதியில் இல்லாத ஒரு 'ஐயோ'வைக்கூட அனுமதிக்கவில்லை. கப்டன் திருத்தித் தந்த பிரதியை நான் அவரைவிடக் கடுமையாகக் காத்தேன்.

நாடகம் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு. நாலு மணிக்குள் முடிக்கவேண்டும். கல்லூரி மண்டபம் நிறைந்திருந்தது. பெற்றோர், ஆசிரியர், அயலில் உள்ளவர்கள். கப்டன் வந்தார். சனங்களுக்கு நடுவில் இருப்பது பாதுகாப்பில்லை என்று அவருடைய ஆட்கள் ஒரு கதிரையைத் தூக்கி மேடையிலேயே, சுவரோரமாகப் போட்டார்கள். துவக்கோடு இரண்டு பேர் அதற்குப் பின்னால்.

விரிவுரையாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "பிரபுக்கள் மேடையிலேயே இருந்து பார்ப்பது அந்தக் காலத்து வழக்கம்!" என்று என் காதில் சொன்னார். "இப்படி ஒரு அசல் மேடையேற்றம் இங்கிலாந்திலேயே இப்ப நடக்காது."

அவர் சொன்னது உண்மை. இங்கிலாந்தில் நடக்காது.

திரை இல்லை. விருந்து நடந்தது. ராசா கிண்ணத்தைத் தூக்கினார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், "எனக்குக் காய்ச்சல் காய்கிறது" என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனார். கூத்துப் பார்த்து வளர்ந்த சனங்கள் அவர்கள். எங்கள் ஊர்க் களரியில் ஒரு ராசா சாகிறதென்றால் அரை மணித்தியாலம் ஆடிப் பாடிச் சண்டைபிடித்துத்தான் சாவார். சபை திகைத்துப்போனது.

"டொக்டரக் கூப்பிடுங்கடா!" என்று பின்னால் ஒரு குரல்.

"பனடோல் ரெண்டு குடுத்துப் பாருங்க!"

நான் ஊமை வேஷத்தைக் கலைத்து, கையை ஓங்கி, "என் அரசனின் சாவுக்குப் பழிவாங்குவேன்" என்று சபதம் எடுத்தபோது, "நுளம்புக்கு மருந்தடிங்க தம்பி!" என்று இன்னொரு குரல். மண்டபம் குலுங்கியது. கப்டனும் சிரித்தார். என் அட்டை அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அதன் ஓரம் வெளியில் தெரிந்தது. சிரிக்கட்டும் என்று நினைத்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகட்டும்.

பிறகு அரசி வந்தா. வெள்ளை முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தா. ராசாவின் தலைமாட்டில் இருந்தா. பிரதியின்படி அவ சொல்லவேண்டியது ஆறு வரி. ஐந்து வரியைச் சொன்னா. சபையின் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அவ அதற்காகக் காத்திருப்பதுபோல் நிறுத்தினா. பிறகு, ஆறாவது வரிக்குப் பதிலாக, சாதாரணமாக வீட்டில் கதைக்கிற குரலில் சொன்னா:

"இந்தக் காய்ச்சலுக்கு ரெண்டு கை இருந்திச்சி."

சிரிப்பு நின்றது. எங்கே நின்றது என்று தெரியாமல் நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. எனக்குப் பின்னால் கதிரை கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை. மேடையில் என் அடுத்த வசனம் என்ன என்பது மறந்துபோய், மைதானத்தின் வெயில்தான் நினைவில் இருந்தது. அவவே எழும்பி எனக்கு அருகில் வந்து, என் வசனத்தின் முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தா. மிச்சத்தை நான் சொன்னேன். மந்திரி செத்தார், காய்ச்சலில். எல்லாரும் அதே காய்ச்சலில் செத்தோம். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

கப்டன் கைதட்டவில்லை. எழுந்து போகும்போது விரலால் என்னை வரச்சொல்லிக் காட்டினார்.

மண்டபத்துக்குப் பின்னால் ஜீப் நின்றது. அவர் அட்டையை வெளியில் எடுத்தார். தரவில்லை.

"அந்தக் கேர்ள் சொன்ன வசனம். அது பிரதியில இல்ல."

"இல்ல சேர்."

"ராசா எப்பிடிச் செத்தது?"

"காய்ச்சல் சேர்."

"காய்ச்சலுக்குக் கை இருக்கா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் படித்த படிப்பு எனக்குக் கைகொடுத்தது. "அது உருவகம் சேர்" என்றேன். "பழைய இங்கிலீஸ் நாடகத்தில நோயை ஒரு ஆள் மாதிரிச் சொல்லுவாங்க. நோய்க்குக் கை, கால், முகம் எல்லாம் வைப்பாங்க. கொள்ளைநோய்க் காலத்தில அது வழக்கம். நான்தான் அந்த வசனத்த எழுதிக் குடுத்தன். பிரதியில சேர்க்க மறந்திட்டன்."

விரிவுரையாளர் கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார். ஒரு கணத்தில் ஒரு முழு மரபை உண்டாக்கியிருந்தேன்.

கப்டன் என்னையே பார்த்தார். அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அது அவருக்கும் தெரிந்தது. ஆனால் மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள், வீட்டுக்குப் போகிற நேரம், ஒன்றும் நடக்கவில்லை என்பது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அட்டையை என் கையில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நான் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். காத்தான்குடி பஸ்ஸுக்காக அவ அங்கே நின்றுகொண்டிருந்தா. முகத்தில் பூசியிருந்த மா இன்னும் முழுக்கப் போகவில்லை.

"கார்ட் தந்தானா?"

"தந்தான்."

"என்ட வசனத்தக் கேட்டானா?"

"கேட்டான். நான் எழுதித் தந்தது எண்டு சொன்னன். உருவகம் எண்டு சொன்னன்." கொஞ்சம் குரலை உயர்த்தியும் கேட்டேன்: "அவன் மேடையிலேயே இருக்கிறான், துவக்கோட. அவனப் பத்தி அவனுக்கு முன்னாலயே அப்பிடிச் சொல்லலாமா?"

அவ என்னை ஆச்சரியமாகப் பார்த்தா.

"அவனப் பத்தியா?" என்றா. "எங்கட சாச்சாவ, வாப்பாட தம்பிய, சுட்டது காம்ப்காரன் இல்ல. உங்கட கரையில இருந்து வந்த ஆக்கள்."

பஸ் வந்தது. அவ ஏறி ஜன்னலோரம் இருந்தா. நான் பாதையடிக்கு ஓடினேன். ஐந்து மணிக்குக் கடைசிப் பாதை. பாதையடிச் சென்றியில் அட்டையை நீட்டினேன். அவன் படத்தையும் என்னையும் பார்த்தான், திருப்பித் தந்தான், ஆடச் சொல்லவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு, அன்றுதான் நான் எங்கள் கரைக்குப் போனேன்.